ஐஸ் பார்க்காத மீன்

கேள்வி:

மதிப்புக்குரிய டாக்டர் அம்மாவுக்கு,

நான் பிறந்தது தூத்துக்குடி, வாழ்க்கைப்பட்டது சேலம். கல்யாணத்துக்கு முன்னால் மேட்டூர் அணை மீனைத் தவிர வேறு மீன் தெரியாதவர் என் கணவர். எங்கள் வீட்டுச் சாப்பாடு பழகிப்போய், என்னைவிடப் பெரிய மீன் பைத்தியம் ஆகிவிட்டார்.

போன வருஷம் ஜனவரியில் சனி, ஞாயிறு சேர்ந்தாற்போல் ஒரு கடலோர ஊருக்குப் போயிருந்தோம். இவர் ரூமில் ஒரு பீர் குடித்திருந்தார். ராத்திரி எட்டரை மணிக்குச் சாப்பிடப் போனோம். கடலைப் பார்த்த மாதிரி வரிசையாகக் கடைகள். மசாலா தடவிய மீனைத் தட்டில் அடுக்கி, மேலே ட்யூப் லைட் போட்டு வைத்திருந்தார்கள். சூரை இருந்தது. "எங்க ஊர் மீன், எடுத்துக்கோங்க" என்று சொன்னது நான்தான். இவர் இரண்டு துண்டு சாப்பிட்டார், நான் நண்டு எடுத்துக்கொண்டேன். மிஞ்சின ஒரு துண்டை டிரைவர் தம்பிக்குக் கொடுத்தோம். சாப்பிடும்போதே "மிளகைக் கொட்டிட்டாங்களா, நாக்கு சுருசுருங்குது" என்றார். பில் வருவதற்குள் முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. தலை தெறிக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மூன்று நாலு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. "மீன் அலர்ஜி. ஆயுசுக்கும் மீனைத் தொடக் கூடாது" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் காலை டிரைவரும் "எனக்குக்கூட ராத்திரி தலைவலிக்கா, மூஞ்சி காந்துச்சு" என்றான்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் மீன் வாசமே இல்லை. இறால், நண்டைக்கூட இவர் தொடுவதில்லை. இரண்டு மாதம் முன்பு ஒரு சிநேகிதர் வீட்டில் நெத்திலிக் கருவாடு போட்ட கத்தரிக்காய்க் குழம்பைத் தெரியாமல் சாப்பிட்டுவிட்டார். தெரிந்ததும் விடிய விடியக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் ஆகவில்லை.

வருகிற மே இரண்டாவது வாரம் எங்கள் பத்தாவது கல்யாண நாள். பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு வரை புதுச்சேரியில் இருப்பதாகத் திட்டம். ரூம் போட்டாயிற்று. "நீ மீன் சாப்பிடு, நான் தயிர்சாதம் சாப்பிட்டுக்கறேன்" என்கிறார். எதிரே அவர் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருக்க, நான் எப்படி உட்கார்ந்து முள் எடுப்பது? அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வைக்கலாமா? கடலோர ஓட்டலில் எதை நம்பி வாங்குவது? போன தடவை "சைஸைப் பொறுத்து" என்று போட்டிருந்த மீனுக்கு வந்த பில்லால் வேறு எங்களுக்குள் சண்டை.

பெயர் வேண்டாம், சேலம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

(நீங்கள் எழுதியிருந்த ஊர், கடை, ஆஸ்பத்திரிப் பெயர்களை எடுத்துவிட்டேன்.)

உங்கள் கடிதத்தில் நான் பென்சிலால் கோடு போட்டது டிரைவர் தம்பியைப் பற்றிய அந்த ஒரு வரியின் கீழேதான். அலர்ஜி என்பது அவரவர் உடம்பின் சொந்த விவகாரம். ஒருவருக்குக் கத்தரிக்காய் அரிக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் செய்யாது. இங்கே ஒரே மீன். இரண்டு துண்டு சாப்பிட்டவருக்கு அதிகமாக வந்திருக்கிறது, ஒரு துண்டு சாப்பிட்டவருக்குக் குறைச்சலாக வந்திருக்கிறது. வந்தது இரண்டு பேருக்கும் அதே தலைவலி, அதே முகக் காந்தல். அதே கடையில் நண்டு சாப்பிட்ட நீங்கள் நன்றாக இருந்திருக்கிறீர்கள். சொந்தமோ பந்தமோ இல்லாத இரண்டு ஆண்களுக்கு ஒரே ராத்திரியில் ஒரே அலர்ஜி முளைத்தது என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை. மீனில்தான் ஏதோ இருந்திருக்கிறது.

நான் படிப்பு முடித்த புதிதில் ஒரு கடலோர அரசு ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்த்தேன். ஒருநாள் பத்து மணி வாக்கில் கோயில் பார்க்க வந்த ஒரு வேன் ஆட்கள் அப்படியே வந்து இறங்கினார்கள். ஏழு பேருக்கு முகம் கோவைப்பழம் மாதிரி. நான் ஒவ்வொருவராக உட்கார வைத்து "உங்களுக்கு ஏற்கெனவே அலர்ஜி உண்டா, ஆஸ்துமா உண்டா" என்று ஏட்டில் படித்ததைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கே இருபது வருஷமாக இருந்த நர்ஸ் அம்மா ஊசியை எடுத்துக்கொண்டே சொன்னார்: "ஒருத்தர் செவந்தா அலர்ஜி டாக்டர். ஒரு வேனே செவந்தா மீனு." விசாரித்தால் ஏழு பேரும் சூரைக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டவர்கள். ரசத்தோடு எழுந்தவர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மா சொன்னதற்கு மருத்துவத்தில் ஸ்காம்பிராய்டு விஷம் என்று பெயர். சூரை, அயிலை எல்லாம் சேர்ந்த மீன் குடும்பத்தின் பெயரிலிருந்து வந்தது. நடப்பது இதுதான். சூரை, அயிலை (உங்கள் புதுச்சேரிப் பக்கத்தில் கானாங்கெளுத்தி), மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் பிடித்த மீனை ஐஸில் போடாமல் வெயிலில் விட்டால், செவுளிலும் குடலிலும் இருக்கும் பாக்டீரியா பெருகி அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். நமக்கு அலர்ஜி வரும்போது உடம்பு தானே சுரப்பது எதுவோ, அதே ஹிஸ்டமின். இங்கே உடம்பு சுரக்கவில்லை, தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுத் தரத்துக்கான சர்வதேச அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்பு. கெட்டுப்போன சூரையில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும்.

சூரைக்கு இன்னொரு வம்பும் உண்டு. மற்ற மீன்களைப் போல அது முழுக்கக் குளிர்ந்த உடம்புக்காரன் இல்லை. வேகமாக நீந்தி நீந்தி உடம்புச் சூட்டைக் கடல் தண்ணீரைவிட அதிகமாக வைத்திருக்கும் இனம். தூண்டிலில் போராடி மேலே வரும்போது இன்னும் சூடேறியிருக்கும். சீக்கிரம் ஐஸில் போடாவிட்டால் மற்ற மீன்களை முந்திக்கொண்டு கெடும்.

இதில் மோசமான விஷயம், அந்த ஹிஸ்டமின் எதற்கும் அசையாது. கொதிக்க வையுங்கள், பொரியுங்கள், அப்புறமாக ஃப்ரீசரில் போடுங்கள், அது அப்படியே இருக்கும். "நல்லா முறுகலாப் போட்டுக் கொடுங்க" என்று கேட்டு வாங்குவதால் ஒரு பயனும் இல்லை. வாடையும் பல நேரம் காட்டிக் கொடுக்காது. ஒரே அறிகுறி, சில பேருக்கு வாயில் வைத்ததும் மிளகு கடித்த மாதிரி, நாக்கு எரிகிற மாதிரி இருக்கும். "நாக்கு சுருசுருங்குது" என்று உங்கள் கணவர் சொன்னாரே, மசாலாவைக் குறை சொன்னாரே, அதுதான். அந்த இடத்தில் தட்டைத் தள்ளியிருக்கலாம். அவருக்கு எப்படித் தெரியும்?

பத்து நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும். சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஒரு நாளில் அடங்கும். இவருக்கு நடந்ததும் இதே கணக்குதான். உள்ளே போன பீரும் தன் பங்குக்கு உதவியிருக்கும். சாப்பாட்டில் வரும் ஹிஸ்டமினை உடைக்க நம் குடலில் ஒரு என்சைம் இருக்கிறது, மது அதன் கையைக் கட்டிப்போடும். இதே இடத்தில் இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன், வேறு வாசகர்களுக்குப் பயன்படும். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட் மாத்திரையும் அந்த என்சைமைத் தடுக்கும். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோர்ஸ் முடியும்வரை சூரையை விட்டுவிடுவது நல்லது. நல்ல மீனே அவர்களைப் படுத்தி எடுக்கும்.

ஊசி போட்டதும் சரியாகிவிட்டதே, அப்படியானால் அலர்ஜிதானே என்று உங்கள் கணவர் கேட்பார். அவர்கள் போட்டது பெரும்பாலும் ஏவில் மாதிரி ஹிஸ்டமினைத் தடுக்கும் ஊசியாக இருக்கும். ஹிஸ்டமின் உடம்பிலிருந்து வந்தாலும் மீனிலிருந்து வந்தாலும் அந்த ஊசி கேட்கும். அதை வைத்து ஒன்றும் தீர்ப்பு சொல்ல முடியாது. ஊசி போட்ட டாக்டரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்கு முகம் சிவந்து, நெஞ்சு படபடக்க ஒருவர் வந்தால் நானும் முதலில் அலர்ஜி என்று எடுத்துக்கொண்டுதான் மருந்து கொடுப்பேன். சீட்டில் அந்த "ஆயுசுக்கும்" என்ற வார்த்தையை மட்டும் எழுதியிருக்க மாட்டேன்.

இவ்வளவும் சொன்னபிறகு, கடிதத்தைப் படித்துவிட்டு "அலர்ஜி இல்லை, போய்ச் சாப்பிடச் சொல்லுங்கள்" என்று என்னால் எழுத முடியாது. கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்பது நல்ல சாட்சிதான். நிஜமான மீன் அலர்ஜியைக் கிளப்பும் புரதம் சமைத்தாலும் காய வைத்தாலும் அவ்வளவு சீக்கிரம் அழியாது. ஆனால் ஒரு மீன் ஒத்துக்கொண்டு இன்னொரு மீன் ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். ஆகவே கிளம்புவதற்கு முன்னால் சேலத்திலேயே அலர்ஜி பார்க்கும் ஒரு டாக்டரிடம் இவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள், டிரைவர் சமாசாரத்தை முதலில் சொல்லுங்கள். தோலில் சொட்டு வைத்துக் குத்திப் பார்ப்பார்கள், இல்லையென்றால் ரத்தத்தில் குறிப்பிட்ட மீனுக்கான ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தோல் சோதனை என்றால் சளி, தும்மலுக்குப் போடும் செட்ரிசின் வகை மாத்திரைகளை ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாகவே நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சோதனை பொய் சொல்லும். லேபில் "நூறு பொருளுக்கும் சேர்த்து ஒரே பேக்கேஜ்" என்று ஒன்றை நீட்டுவார்கள். அது வேண்டாம். காசும் போகும், நேற்றுவரை சாப்பிட்ட கோதுமையும் பாலும் அலர்ஜி என்று ஒரு பட்டியலோடு வீட்டுக்கு வருவீர்கள்.

இறால், நண்டு விஷயத்தையும் அந்த டாக்டரிடமே கேளுங்கள். மீன் அலர்ஜி வேறு, ஓடுள்ள இனங்களின் அலர்ஜி வேறு. இரண்டையும் கிளப்பும் புரதங்கள் வேறு வேறு. மீனுக்காக நண்டையும் சேர்த்துத் தண்டித்திருக்கிறார் உங்கள் வீட்டுக்காரர்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி: கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வைக்கலாமா? வேண்டாம். புதுச்சேரியில் வேண்டவே வேண்டாம். சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால், தேவைப்பட்டால் டாக்டரே ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துக் கொடுத்துப் பார்ப்பார். அவர் வீட்டிலேயே சாப்பிடலாம் என்று சொன்னால், முதல் மீன் உங்கள் அடுப்பில் வேகட்டும். பகல் வேளையில், நீங்கள் பார்த்து வாங்கிய சங்கராவோ கொடுவாவோ வையுங்கள், சூரை வேண்டாம். ஒரு வருஷத்துக்கும் மேலாக ஒரு மனுஷர் மீன் என்றால் நெஞ்சு வலி என்று மனசில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார். செத்துவிடுவோமோ என்று அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து நினைத்திருப்பார், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். அந்த முடிச்சைக் கல்யாண நாளன்று, தெரியாத ஊரில், நாலு பேர் பார்க்க, "ஒரே ஒரு வாய்ங்க" என்று அவிழ்க்கப் பார்க்காதீர்கள். சோதனை நல்லபடியாக வந்த பிறகும் அவருக்கு வேண்டாம் என்று தோன்றினால், வேண்டாம்தான்.

"எடுத்துக்கோங்க என்று சொன்னது நான்தான்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரி முள் மாதிரி குத்தியது. எதிரே உட்கார்ந்து மீன் சாப்பிட முடியாது என்பதற்குக் காரணம் அவருடைய தயிர்சாதமா, இந்த வரியா? நீங்கள் சொன்னது நல்ல மீனைத்தான். மாசிக் கருவாடு போடும் ஊரில் பிறந்தவர், சூரை நல்ல மீன் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வீர்கள்? அது கரைக்கு வந்து எத்தனை மணி நேரம் எங்கே கிடந்தது என்பது உங்களுக்குத் தெரிய வழியில்லை. இதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், போகிற வழியிலேயே. உளுந்தூர்பேட்டை தாண்டுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். அப்புறம் உங்கள் மீனை நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

சரி, புதுச்சேரியில் எதைச் சாப்பிடுவது?

நீங்கள் போவது மே மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். புதுச்சேரிக்கும் இதுவேதான். விசைப்படகுகள் எல்லாம் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். ஃபைபர் படகும் கட்டுமரமும் மட்டும் கரையை ஒட்டிப் போய் வரும். அப்படியானால் அந்த வாரம் ஓட்டல் தட்டில் வரும் பெரிய வஞ்சிரம் எங்கிருந்து வந்திருக்கும்? பெரும்பாலும் மேற்குக் கரையிலிருந்து லாரியில், இல்லையென்றால் ஃப்ரீசரிலிருந்து. மேற்குக் கரையில் தடை ஜூன் 1-ல்தான் தொடங்குகிறது. உடனே முகம் சுளிக்காதீர்கள். பிடித்த உடனே உறைய வைத்த மீன், காலையில் பிடித்துச் சாயங்காலம்வரை வெறும் தட்டில் கிடந்த "ஃப்ரெஷ்" மீனைவிட எவ்வளவோ மேல். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும் என்பார்கள். உங்களுக்குத் தேவை ஐஸ் பார்த்த மீன். அது எந்தக் கடல் மீனாக இருந்தால் என்ன?

நான் கடலோரம் போனால் வைத்துக்கொண்டிருக்கும் வழக்கம் ஒன்று: மீன் மத்தியானத்துக்கு, ராத்திரிக்கு வேறு. வீராம்பட்டினம் மாதிரி ஊர்களிலிருந்து விடியுமுன் போகும் சின்னப் படகுகள் காலையில் கரை திரும்பிவிடும். அந்த மீன் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஓட்டல் அடுப்புக்கு வந்துவிடும். ராத்திரி எட்டரைக்கு ட்யூப் லைட் அடியில் அடுக்கி வைத்திருக்கும் மீன் அதற்குள் எத்தனை கை மாறியது, எத்தனை தடவை ஐஸை விட்டு வெளியே வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. அதிலும் மசாலா தடவிவிட்டால் பார்ப்பதற்குக் கண்ணும் இல்லை, செவுளும் இல்லை, தோல் நிறமும் இல்லை. மிளகாய்ச் சிவப்பு எல்லா மீனையும் ஒரே வயசாக்கிவிடும். மசாலா போட்டு அடுக்கிய தட்டை நான் தொடுவதே இல்லை. முழு மீனைக் காட்டு, என் கண் எதிரில் வெட்டு, அப்புறம் மசாலா. தூத்துக்குடிப் பெண்ணுக்கு மீன் பார்க்க நான் சொல்லிக்கொடுக்க வேண்டாம். கண் துருத்திக்கொண்டு தெளிவாக, செவுள் ரத்தச் சிவப்பாக, விரலால் அழுத்தினால் குழி நிற்காமல் இருக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குப் பழக்கம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஹிஸ்டமின் இந்தப் பரீட்சை எல்லாவற்றிலும் பாஸாகிவிடக்கூடும். அதனால்தான் மீனின் வகையையும் பார்க்கச் சொல்கிறேன்.

கொடுவா, சங்கரா, வவ்வால், கிழங்கான் இவற்றில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. கடம்பா (கணவாய்), இறால், நண்டும் அப்படியே. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி இவற்றை வெளியில் சாப்பிடாதீர்கள், வீட்டில் வாங்கிச் செய்யுங்கள். வஞ்சிரம்? அதுவும் சூரையின் சொந்தக்காரன்தான், பலருக்குத் தெரியாது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து எதிரில் வெட்டிக் கொடுக்கிற இடமென்றால் சாப்பிடலாம். நானாக இருந்தால் கொடுவாவை முழுசாக வாழையிலையில் சுடச் சொல்வேன். இரண்டு பேருக்கு ஒரு முக்கால் கிலோ மீன் தாராளம்.

கடம்பாவைப் பொரித்து வைத்தால் பக்கத்தில் ஒரு கிண்ணம் மயோனைஸ் வரும். பச்சை முட்டையில் அடித்த மயோனைஸைத் தமிழ்நாட்டு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது, சால்மோனெல்லா என்ற கிருமிக்குப் பயந்து. புதுச்சேரி தனி நிர்வாகம். மே மாத வெயிலில் மேஜை மேல் நின்ற மயோனைஸை எந்த ஊரிலும் நான் தொட மாட்டேன். எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள்.

உங்கள் கணவரின் தயிர்சாதத்துக்கு வருகிறேன். அவர் அதைப் பாதுகாப்பான கோட்டை என்று நினைக்கிறார். சோதனையில் நிஜமாகவே மீன் அலர்ஜி என்று வந்தால், தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள வரும் காலிஃபிளவர் வறுவலும் உருளைக்கிழங்கும் எந்த எண்ணெயில் பொரிந்தது என்று கேட்க வேண்டும். கடலோர ஓட்டல்களில் ஒரே சட்டி, ஒரே எண்ணெய், ஒரே ஜல்லிக் கரண்டி. காலையில் மீன் போட்ட அதே எண்ணெயில் மத்தியானம் காலிஃபிளவர். அலர்ஜி உள்ளவருக்கு அதுவே போதும். அப்படியிருந்தால் அவருக்குச் சுத்த சைவ ஓட்டல், உங்களுக்கு மீன் ஓட்டல், இரண்டு இடத்திலும் இருவரும் போய் உட்காருங்கள். ஒருவர் சாப்பிட ஒருவர் எலுமிச்சை ஜூஸ் குடிக்கட்டும். அலர்ஜி இல்லை, பயம்தான் என்றால் அவர் சைவம் சாப்பிடட்டும், ஆனால் காலையில் வடித்து அறைச் சூட்டில் கிடந்த சாதமும் அதில் கிளறின ஃப்ரைட் ரைஸும் வேண்டாம். சாதத்தில் வளரும் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் விஷமும் நம் ஹிஸ்டமின் மாதிரிதான், திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. சுடச்சுடத் தோசை, இட்லி, அப்போது போட்ட பரோட்டா, இவையெல்லாம் தயிர்சாதத்தைவிட நம்பகமானவை. நான் சொல்வதை அவர் நம்ப மாட்டார் என்று தெரியும். பரோட்டாவைத் திட்டாத டாக்டரை அவர் பார்த்திருக்க மாட்டார்.

ராத்திரியில் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள், நடக்க நன்றாக இருக்கும். ஏழரைக்கே சாப்பிட்டுவிட்டு நடங்கள். சமையல்கட்டுச் சூடாக, கூட்டம் கலையாமல் இருக்கும் நேரம் அது. பத்து மணிக்குப் போனால் மிஞ்சினதைத்தான் "ஸ்பெஷல்" என்பார்கள்.

பில் சண்டைக்கு மருந்து என்னிடம் இல்லை, ஆனால் வழி உண்டு. "சைஸைப் பொறுத்து" என்று போட்டிருந்தால், மீனைத் தராசில் வைக்கச் சொல்லி, வெட்டுவதற்கு முன்னாலேயே "சமைச்சு, வரியோட மொத்தம் எவ்வளவு?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டுவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, மீன் மார்க்கெட்டில் பேரம் பேசாமலா வாங்குகிறீர்கள்? சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் அது கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, டில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லலாம். பரிமாறிய பையன் நல்லபடியாகக் கவனித்திருந்தால் அந்தப் பணத்தை அவன் கையிலேயே கொடுங்கள்.

பையில் என்ன வைத்துக்கொள்வது, எந்த மாத்திரை என்பதைச் சேலத்து டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முகச்சிவப்பும் அரிப்பும் மட்டும் என்றால் மாத்திரை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக நேரம் இருக்கும். தொண்டை இறுகுகிறது, குரல் மாறுகிறது, மூச்சு இழுக்கிறது, எழுந்தால் தலை சுற்றிக் கீழே விழப் பார்க்கிறார் என்றால் அது நிஜ அலர்ஜியின் ஆபத்தான முகம். அதற்கு மாத்திரை போதாது, தொடையில் அட்ரினலின் ஊசி வேண்டும். படுக்க வைத்துக் காலை உயர்த்தி, 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் மட்டும் சாய்ந்து உட்காரட்டும். அரசுப் பொது மருத்துவமனை ஊருக்குள்ளேயே கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஜிப்மர் கோரிமேட்டில்.

கடைசியாக டிரைவர் தம்பி. அன்று ராத்திரி அவருக்கு யாரும் ஊசி போடவில்லை, எங்கே வலிக்கிறது என்று கேட்கவும் இல்லை. காந்துகிற முகத்தோடு படுத்து எழுந்து, மறுநாள் உங்களைச் சேலம்வரை பத்திரமாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அவர்தான் இந்தத் தடவையும் வருகிறாரா? வந்தால், நடந்தது இன்னது என்று அவருக்கும் சொல்லுங்கள். அவரும் ஒரு வருஷமாக எதையாவது பயந்து ஒதுக்கிக்கொண்டிருக்கலாம். மத்தியானம் உங்கள் மேஜையிலேயே ஒரு நாற்காலி போட்டு, அவருக்கென்று தனியாக ஒரு மீன் சொல்லுங்கள்.